தங்கவயலுக்காகத் தேக்கிய காவிரி

1902 ஜூன் 30 அன்று காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் உற்பத்தியான மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே வந்து கோலார் தங்கவயலின் இயந்திரங்களை ஓட்டத் தொடங்கியது. அன்றைய உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அதுவும் ஒன்று. ஆசியாவில் அதற்கு இணை கிடையாது. பெங்களூரின் தெருக்களுக்கு மின்விளக்கு வர அதன் பிறகு மூன்று ஆண்டுகள் ஆயின. ஒரு நாட்டின் முதல் பெரிய நீர்மின் திட்டம் நகரங்களை விட்டுவிட்டு நேராக ஒரு சுரங்கத்துக்குப் போனது உலக வரலாற்றில் அபூர்வமான நிகழ்ச்சி. இதன் விளைவுகள் சுரங்கத்தோடு நிற்கவுமில்லை. கண்ணம்பாடி அணை, 1924ஆம் ஆண்டின் காவிரி ஒப்பந்தம், மேட்டூர் அணை ஆகிய மூன்றின் வரலாற்றிலும் கோலார் தங்கத்துக்குப் பங்கு உண்டு. காவிரிச் சிக்கலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நெல்லை மட்டுமே நினைக்கிறார்கள். தங்கத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமை பெறும்.

கோலார் வயலின் சுரங்கங்கள் தெற்கிலிருந்து வடக்காக ஒரே வரிசையில் அமைந்தவை: மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், பாலகாட். தங்கம் கலந்த வெண்கற்பாறைப் படிவம் ஒன்று இந்த வரிசை நெடுகச் சாய்வாக நிலத்துக்குள் இறங்குகிறது. அதை ஒட்டியே குழிகளும் கோபுரங்களும் ஊர்களும் எழுந்தன. நந்திதுர்க் சுரங்கம் தன் பெயரைச் சிக்கபள்ளாப்பூர் அருகிலுள்ள நந்தி மலைக்கோட்டையிடமிருந்து பெற்றது.  பாலாறும் தென்பெண்ணையும் பிறப்பது அந்த மலையைச் சுற்றிய மேட்டுநிலத்தில்தான். அந்த ஆறுகள் பாயும் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்தே சுரங்கத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் வந்தார்கள். நிலமற்ற தமிழ்க் குடும்பங்களே அவர்களில் அதிகம். அவர்களுள்ளும் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சாதியினரே மிகுதி. பஞ்சத்திலிருந்தும் பண்ணையாரிடமிருந்தும் தப்பி வந்தவர்களுக்குத் தங்கவயல் ஆபத்தான இடமாக இருந்தபோதும், கூலி ரொக்கமாகக் கைக்கு வரும் இடமாக இருந்தது.

இந்தப் பகுதியில் தங்கம் இருப்பது வெள்ளையர் வருகைக்கு முன்பே தெரியும். 1802இல் மைசூரின் கிழக்கு எல்லையை அளந்துகொண்டிருந்த லெப்டினன்ட் ஜான் வாரன், உரிகம், மாரிக்குப்பம் சிற்றூர்களில் மக்கள் மண்ணைக் கழுவித் தங்கத் துகள் எடுப்பதைப் பார்த்துக் குறிப்பெழுதினார். அந்தக் குறிப்பு எழுபது ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. நியூசிலாந்துப் போர்களில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரில் குடியேறிய மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர் அதைப் படித்தார். 1875இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். அவரிடம் பணம் போதவில்லை, உரிமை கைமாறியது. 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் உள்ளே வந்தது. தொடக்கத்தில் போட்ட பணம் ஏறக்குறைய முழுவதும் கரைந்த நிலையில், 1880களின் நடுப்பகுதிக்குள் சாம்பியன் படிவத்தின் வளமான பகுதி அகப்பட்டது. அதன்பின் வரிசையாக எல்லாச் சுரங்கங்களும் உயிர்பெற்றன. மைசூர் அரசுக்கு எடுத்த தங்கத்தின் மதிப்பில் 5 சதவீதம் உரிமைத்தொகையாகச் சேர்ந்தது. சிறிய சமஸ்தானம் ஒன்றுக்கு அது பெரிய வருமானம்.

தங்கம் எடுப்பது என்றால் பாறையை உடைப்பது, தூக்குவது, பொடியாக்குவது. நல்ல விளைச்சல் காலத்திலேயே ஒரு டன் பாறையில் கிடைத்தது ஓர் அவுன்ஸை ஒட்டிய அளவு, அதாவது சுமார் 31 கிராம். அந்தச் சிறு அளவுக்காக ஒரு டன் கல்லை ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்து, ஸ்டாம்ப் மில்லில் இரும்பு உலக்கைகளின் கீழ் இரவும் பகலும் இடித்து மாவாக்க வேண்டும். அந்த மாவைப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடவிட்டால் தங்கத்தின் பெரும்பகுதி ஒட்டிக்கொள்ளும். எஞ்சியதைச் சயனைடு கரைசல் பிரித்தெடுக்கும். சயனைடு முறையை 1887இல் கிளாஸ்கோவில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டுபிடித்தார்கள். அம்முறை வந்தபின் கழிவென்று ஒதுக்கிய மண்ணிலிருந்தும் தங்கம் கிடைத்தது. தங்கவயலைச் சுற்றி இன்றும் நிற்கும் சயனைடு மேடுகள் அந்த வேலையின் மிச்சம். மில்லைத் தவிர, துளைக்கருவிகளுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர்களும், ஊற்றுநீரை இறைக்கும் பம்புகளும் ஓயாமல் இயங்க வேண்டும். ஆழம் கூடக் கூட இவை எல்லாவற்றின் தேவையும் கூடியது.

இவ்வளவையும் முதலில் ஓட்டியது நீராவி. கொதிகலன்களுக்கு விறகும் நிலக்கரியும் வேண்டும். கோலார் வறண்ட மேட்டுநிலம். சுற்றிலும் இருந்த காடு விறகுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அழிந்துகொண்டே போனது. நிலக்கரி நெடுந்தொலைவிலிருந்து ரயிலில் வந்து சேர்வதற்குள் அதன் விலை பலமடங்காகிவிடும். பௌரிங்பேட்டை எனப்பட்ட இன்றைய பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை கிளை ரயில்பாதை 1890களின் நடுவில் போடப்பட்டதற்கு இந்தச் சுமையும் ஒரு காரணம். பாறை ஆழமாகப் போகப் போக எரிபொருள் செலவு தங்கத்தின் லாபத்தைத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஓடும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பது. அதனிடம் ஆற்றலை எதிர்பார்க்க முடியாது. ஆற்றல் கிடைக்கும் இடமோ காவிரியில், இரண்டு ஆற்றுப்படுகைகளைக் கடந்து தென்மேற்கே இருந்தது.

சிவசமுத்திரத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து ஒரு தீவைச் சுற்றி, ககனசுக்கி, பரசுக்கி என்ற அருவிகளாக ஏறத்தாழ 90 மீட்டர் கீழே விழுகிறது. தீவுக்குப் போகும் பழைய கற்பாலங்களை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செப்பனிட்டவர் அந்த ஊரின் ஜாகிர்தாராக இருந்த இராமசாமி முதலியார். யாத்திரிகர்களும் அருவி பார்க்க வரும் துரைகளும் மட்டுமே வந்துபோன இடம் அது. காய்ச்சலுக்குப் பேர்போன காட்டுப்பகுதி என்பதால் தங்குவோர் குறைவு.

அருவியின் விசையை அங்கேயே பயன்படுத்துவது பழைய வித்தை. அதை வேறோர் ஊருக்கு அனுப்புவது 1890களில்தான் சாத்தியமாயிற்று. கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் அதே ஆற்றலை அனுப்பப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். இழப்பு நூற்றில் ஒன்றாகக் குறையும். மாறுமின்னோட்டத்தில் மின்மாற்றி மூலம் அழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் முடியும் என்பதுதான் இதற்கான திறவுகோல். 1891இல் ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரையின் லாஃபன் ஊரிலிருந்து ஃபிராங்ஃபர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீட்டர் மின்சாரம் அனுப்பிக் காட்டினார்கள். அது கண்காட்சிக்கான சோதனை. முடிந்ததும் கம்பிகளைக் கழற்றிவிட்டார்கள். 1896 நவம்பரில் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகரத்துக்குப் போனது. தூரம் 40 கிலோமீட்டரை ஒட்டியது. இந்தியாவில் 1897இல் டார்ஜீலிங்கின் சித்ராபோங்கில் 130 கிலோவாட் அளவில் முதல் நீர்மின் நிலையம் ஏற்பட்டது. அது மலைநகரின் விளக்குகளுக்கு மட்டும் போதுமானது. 147 கிலோமீட்டர் தொலைவுக்கு, ஆயிரக்கணக்கான குதிரைத்திறனை, ஆண்டு முழுவதும் விற்பனைப் பொருளாக அனுப்புவது என்பது உலகில் சிலரே துணிந்த காரியம்.

மைசூரில் அதற்குத் துணிந்தவர்கள் இருவர். ஒருவர் திவான் சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுக்காரரான அவர் 1883 முதல் 1901 வரை அந்தப் பதவியில் இருந்தார். மற்றவர் மைசூரின் துணைத் தலைமைப் பொறியாளர் ஆலன் ஜோலி டி லோட்பினியேர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் முதலமைச்சராக இருந்தவரின் மகன். பிரிட்டிஷ் இராணுவப் பொறியாளர் படையில் பணியாற்றியவர். அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று நயாகரா உள்ளிட்ட நிலையங்களை நேரில் ஆராய்ந்து வந்தார். விசைச்சுழலிகள் சூரிச்சின் எஷர் விஸ் நிறுவனத்திடமும், மின்னாக்கிகளும் மின்மாற்றிகளும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடமும் வாங்க முடிவாயிற்று.

சேஷாத்ரி ஐயரின் உண்மையான சாமர்த்தியம் பணத்தைத் திரட்டிய விதத்தில் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் அருவியைக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அரசே முதலீடு செய்து, மின்சாரத்தை விற்றுப் பணத்தைத் திரும்ப எடுக்கலாம் என்று அவர் கணக்கிட்டார். அதற்கு வாங்குபவர் முன்கூட்டியே உறுதியாக வேண்டும். நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், மைசூர் முதலிய சுரங்க நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டன. நீராவியைவிட மலிவாகக் கிடைக்கும் ஆற்றல் அவர்களுக்கு வேண்டும். நிச்சயமான வாடிக்கையாளர் அரசுக்கு வேண்டும். குடிமக்களின் வரிப்பணத்தை வைத்துச் சூதாடாமல் இவ்வளவு புதிய தொழில்நுட்பத்தில் இறங்கியது, அன்றைய எந்த இந்திய அரசும் எடுக்காத தெளிவான முடிவு.

வேலை 1900இல் வேகம் பிடித்தது. கனமான இயந்திரங்களை ரயில் நிலையத்திலிருந்து அருவி வரை மாடுகளும் யானைகளும் இழுத்துவந்தன. காலராவும் மலேரியாவும் வேலையாட்களை வாட்டின. நதியின் மேற்பகுதியில் வெட்டிய கால்வாய் வழியே நீர் வந்து, சாய்வான இரும்புக் குழாய்களில் சுமார் 400 அடி இறங்கி, கீழேயுள்ள மின்நிலையத்தின் சுழலிகளைத் தாக்கும். மின்னாக்கிகளில் எழும் 2,200 வோல்ட் அழுத்தம் மின்மாற்றிகளில் 30,000 வோல்ட்டுக்கும் மேல் உயர்த்தப்பட்டுக் கம்பியில் ஏறும். அலைவெண் நொடிக்கு 25. கோலாரில் அழுத்தத்தைக் குறைத்து ஒவ்வொரு சுரங்கத்தின் மில்லுக்கும் பிரித்தார்கள். திட்டம் நிறைவேறியதைச் சேஷாத்ரி ஐயர் பார்க்கவில்லை. 1901 மார்ச்சில் ஓய்வுபெற்ற அவர் அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று இறந்தார். மின்சாரம் கோலாரை எட்டியபோது மகாராணி வாணி விலாச சன்னிதானத்தின் பதிலாட்சி நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஐந்தாறு வாரங்களில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஜோலி டி லோட்பினியேர் பிற்பாடு காஷ்மீரில் ஜீலம் ஆற்றின் மோஹ்ரா மின்நிலையத்தைக் கட்டினார். சிவசமுத்திரத்தில் அமெரிக்கப் பொறியாளராக வேலைசெய்த ஹெச்.பி. கிப்ஸ், பம்பாய் ஆலைகளுக்கு மின்சாரம் தந்த டாட்டாவின் நீர்மின் நிறுவனத்துக்குப் போனார். இந்திய நீர்மின் தொழிலின் பயிற்சிக்கூடம் தங்கவயலின் மின்தடம்தான்.

மின்சாரம் வந்ததும் மில்களின் நீராவி எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. 1905இல் கோலாரின் தங்க உற்பத்தி அதன் வரலாற்றிலேயே உச்சத்தைத் தொட்டது. நிலையத்தின் திறன் சில ஆண்டுகளுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கப்பட்டது. அப்படிப் பெருக்கியதில் மிஞ்சியதைக் கொண்டே 1905 ஆகஸ்ட் 5 அன்று பெங்களூருக்கு விளக்கு வந்தது.

ஆனால் அந்த ஒளி எல்லோருக்கும் சமமாகப் பகிரப்படவில்லை. இந்த வரலாற்றை எழுதுவோர் இதை மறைக்கக் கூடாது. சுரங்கத்துக்கும் ஐரோப்பிய அதிகாரிகளின் பங்களாக்களுக்கும் கிளப்புக்கும் மின்சாரம் போனது. தொழிலாளர் குடியிருந்த லைன்களில், மூங்கில் தட்டியும் மண்ணும் கொண்டு எழுப்பிய ஒற்றை அறைகளில், மண்ணெண்ணெய் விளக்கே நெடுங்காலம் எரிந்தது. காவிரியின் மின்சாரத்தால் சுரங்கம் மேலும் ஆழத்துக்குப் போக முடிந்தது; ஆழத்தோடு வெப்பமும் பாறைவெடிப்பும் கூடின. பூமிக்கடியில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று சிதறும் அந்த வெடிப்புகள் கோலாரின் தீராத அச்சம். அவற்றில் மடிந்தவர்கள் லைன்களிலிருந்து வேலைக்குப் போனவர்கள். அந்த மக்களே அதே காலத்தில் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்த இயக்கத்துக்குக் கிளைகள் அமைத்தார்கள். அயோத்திதாசர் சென்னையில் நடத்திய ‘தமிழன்’ இதழை அவர் மறைவுக்குப் பின் 1926இல் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தவர் ஜி. அப்பாதுரையார்.

மின்சார விற்பனையில் ஒரு குறை விரைவிலேயே தெரிந்தது. மில்லின் உலக்கைகள் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இடிக்கின்றன. காவிரி அப்படி ஓடுவதில்லை. தென்மேற்குப் பருவத்தில் கரைபுரளும் ஆறு, மார்ச் முதல் மே வரை பாறைகளுக்கிடையே ஒரு ஓடையாகச் சுருங்கும். கோடையில் சுழலிகளுக்குப் போதிய நீரில்லை. சுரங்கங்களோ மேலும் மின்சாரம் கேட்டன. மழைக்காலத்து வெள்ளத்தைத் தேக்கி வைத்துக் கோடையில் சீராகத் திறந்துவிட்டாலொழிய விற்பனையைக் கூட்ட வழியில்லை.

1909 நவம்பரில் மைசூரின் தலைமைப் பொறியாளராக வந்த எம். விஸ்வேஸ்வரய்யா, இந்தத் தேவையைக் கண்ணம்பாடியில் ஓர் அணையோடு இணைத்தார். பாசனத்துக்கு அணை வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தால் சமஸ்தானத்தின் கருவூலம் தயங்கியிருக்கும். வாய்க்கால் வெட்டி, நிலம் திருத்தி, தீர்வை வசூலாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். தங்கவயல் நிறுவனங்களோ கூடுதல் மின்சாரத்துக்கு உடனே பணம் தரும். அந்த வருமானத்தைக் காட்டியே முதற்கட்டத்துக்கு அவர் அனுமதி பெற்றார். 1911 அக்டோபரில் மகாராஜா ஒப்புதல் தந்தார். அடுத்த மாதமே வேலை தொடங்கியது. சுரங்கங்களுக்கு 1915 நடுப்பகுதிக்குள் கூடுதல் மின்சாரம் தந்தாக வேண்டும் என்ற கெடு, வேலைத்தளத்தில் இரவு பகலாகக் கல் அடுக்கவைத்தது. கிருஷ்ணராஜசாகரம் என்று பின்னர் பெயர்பெற்ற அணையின் அடித்தளத்தில் பாசனக் கனவு இருந்தது உண்மை. அதற்கு முதல் தவணைப் பணம் தங்கவயலிலிருந்து வந்தது என்பதும் உண்மை.

சென்னை மாகாணம் இதை வேறு கண்ணால் பார்த்தது. 1892 ஒப்பந்தப்படி காவிரியில் புதிய பாசனத் தேக்கங்கள் கட்ட மைசூர் சென்னையின் இசைவைப் பெற வேண்டும். அருவியில் மின்சாரம் எடுப்பதால் நீர் குறைவதில்லை. சுழலியைத் தாண்டிய நீர் ஆற்றுக்கே திரும்புகிறது. அதனால் 1902இல் பெரிய சச்சரவு எழவில்லை. தேக்கம் வந்தவுடன் நிலைமை மாறியது. தஞ்சாவூர்க் குறுவைக்கு ஜூன், ஜூலையில் வரும் புதுவெள்ளம் உயிர்நாடி. அந்த வெள்ளத்தைக் கண்ணம்பாடியில் நிறுத்தி, மறு ஆண்டு மார்ச்சிலும் ஏப்ரலிலும் சுழலிகளுக்காகத் திறந்தால், நீரின் அளவு ஒன்றாகவே இருந்தாலும் டெல்டாவுக்கு அது பயனற்றது. வயலில் பயிர் இல்லாத மாதத்தில் வரும் நீர் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போகும். அதைப் பிடித்துவைக்கத் தமிழகப் பக்கத்தில் அன்று அணை எதுவும் இல்லை. ஆகவே சென்னையின் அச்சம் முழுக்க நியாயமானது.

மைசூர் 41.5 டி.எம்.சி. கொள்ளளவுக்குத் திட்டமிட்டுக் கேட்டது. 11 டி.எம்.சி. அளவிலான முதற்கட்டத்துக்கு மட்டும் இசைவு கிடைத்தது. மைசூரோ முழு உயரத்தையும் தாங்கும் அகலத்துக்கு அடித்தளம் போட்டது. தகராறு நடுவர் சர் ஹெச்.டி. கிரிஃபினிடம் போனது. 1914இல் அவர் தந்த தீர்ப்பு பெரும்பாலும் மைசூருக்குச் சாதகம். இந்திய அரசு 1916இல் அதை ஏற்றது. சென்னை லண்டனில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சரிடம் முறையிட்டது. பேச்சு மீண்டும் தொடங்கி, டெல்டாவின் தலைப்பிலுள்ள மேலணையில் எவ்வளவு நீர்மட்டம் இருந்தால் மைசூர் தேக்கலாம் என்ற அளவுகள் மீது பல ஆண்டுகள் வாதம் நடந்து, 1924 பிப்ரவரி 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. கிருஷ்ணராஜசாகரத்துக்கு 44.8 டி.எம்.சி.; சென்னை மேட்டூரில் 93.5 டி.எம்.சி. அணை கட்டிக்கொள்ளலாம். மைசூர் 1,25,000 ஏக்கரும் சென்னை 3,01,000 ஏக்கரும் புதிதாகப் பாசனத்துக்குக் கொண்டுவரலாம்.

மேட்டூரில் அணை என்ற எண்ணம் சென்னைக்குப் புதிதன்று. கர்னல் எல்லிஸ் 1910இலேயே அதற்கு விரிவான திட்டம் தந்திருந்தார். மைசூரின் தேக்கத்தால் எழுந்த நெருக்கடி அந்தத் திட்டத்துக்கு அவசரத்தைக் கொடுத்தது. 1925 ஜூலையில் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21 அன்று ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அணையைத் திறந்துவைத்தார். அதன்பின் சிவசமுத்திரத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டுக் கோடையில் இறங்கும் நீர் மேட்டூரில் தங்கி, ஜூனில் தஞ்சை நோக்கிப் போக முடிந்தது. கோலாரின் மில்லுக்கும் குறுவை நாற்றுக்கும் ஒரே நீர் அடுத்தடுத்து உழைக்கும் ஏற்பாடு அப்போதுதான் அமைந்தது.

இந்திய விடுதலைக்குப் பின் சராவதியின் ஜோக் அருவியிலிருந்தும் மின்சாரம் வரத் தொடங்கியதும், சிவசமுத்திரத்துக்கும் தங்கவயலுக்கும் இருந்த தனி உறவு தளர்ந்தது. சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் எடுத்துக்கொண்டன. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நடத்தியது. பாறையில் தங்கத்தின் அளவு குறைந்து செலவு மீறியதால், 2001 பிப்ரவரி 28 அன்று நந்திதுர்க் உட்பட எஞ்சிய சுரங்கங்கள் மூடப்பட்டன. அதுவரை கோலார் தந்த தங்கம் சுமார் 800 டன். 1924 ஒப்பந்தத்தின் சில விதிகளுக்கு ஐம்பதாண்டுக் கெடு 1974இல் முடிய, காவிரி வழக்கு 1990இல் நடுவர் மன்றத்துக்கும் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. அந்த வழக்கில் பங்கிடப்பட்டது பயிருக்கும் குடிநீருக்குமான தண்ணீர். சிவசமுத்திரம் நிலையம் சேஷாத்ரி ஐயரின் பெயரோடு இப்போதும் மின்சாரம் தருகிறது.